மாமனாரை வெச்சுக்கோங்க!

போன வாரத்து அத்தியாயத்துக்கு வந்த கடிதங்களில் பாதி என்னைத் திட்டித்தான் வந்திருக்கின்றன. "அந்தம்மா பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாதா? இத்தனை வீம்பு எதற்கு?" என்று ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். ஐயா, இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? அவளிடமே நேரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். முழுசாகத் திரும்பி வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

ஒரே தெரு. இந்த முனையில் 'நீல விளக்கு' என்கிற நடன விடுதி. அதை நடத்துகிறவள் நம் முதலாளியம்மா. அங்கே மேடையில் பியானோ வாசிக்கிறவர் அவள் கணவர். விடுதி இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. தெருவின் அந்த முனையில் 'கண்ணாடி மாளிகை'. அதை நடத்துகிறவன் கையுறை. கொளுத்துகிற வெயிலிலும் வெள்ளைக் கையுறையைக் கழற்றாதவன் என்பதால் ஊர் அவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. அவனிடம் சரவிளக்கு உண்டு, சலவைக்கல் தரை உண்டு, பன்னிரண்டு பேர் கொண்ட வாத்தியக் குழு உண்டு, இடுப்பில் துப்பாக்கி சொருகிய தடியர்களும் உண்டு. கூட்டம் மட்டும் கிடையாது. கூட்டம் முழுக்க இந்த முனைக்கு வருகிறது. அவனுக்குப் பொறுக்குமா?

முதலில் ஆள் விட்டுச் சொன்னான். அப்புறம் ஜன்னலை உடைத்தான். போன வாரம், விடுதியைத் தனக்கே எழுதிக் கொடுக்கும்படி ஒரு பத்திரம் தயார் பண்ணி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு போட்டு, நாலு தடியர்கள் கையில் கொடுத்து அனுப்பினான். முதலாளியம்மா பத்திரத்தை வாங்கி எட்டாக மடித்து, மேடை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். தடியர்கள் சும்மா போவார்களா? நாற்காலி பறந்தது, பாட்டில் பறந்தது. அந்தக் கலாட்டாவில் மாமனாருக்கு ஒரு கால் போய்விட்டது.

பதறாதீர்கள். பழைய வாசகர்களுக்குத் தெரியும், மாமனார் என்பது பியானோ.

அந்தப் பெயரை வைத்தவள் முதலாளியம்மாதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பியானோ வந்து இறங்கிய அன்றைக்குப் பாதி மேடையை அது அடைத்துக்கொண்டது. ஆறு பேர் சேர்ந்து தள்ளியும் ஓர் அங்குலம் நகரவில்லை. மூடியைத் தொட்டால் உறுமியது. அந்த மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. "சரிதான், எங்க மாமனாரேதான்!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சமையல்காரர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாமனாரைத் துடைச்சாச்சா, மாமனார் தலையில எவன்டா டம்ளரை வெச்சது, மாமனாருக்கு இன்னிக்குக் குரல் சரியில்லை. மரியாதை குறையாமல் 'அவர்' என்றுதான் சொல்வார்கள். வாசிக்கிற கட்டைகளுக்குப் பெயர் பல்.

நிஜ மாமனார் பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அவரைப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். மகன் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பியானோவுக்குப் போனதையும், நடன விடுதிக்காரியைக் கட்டிக்கொண்டதையும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றார், மிதிக்கவும் இல்லை. மருமகளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஆறு வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. "காப்பி ஆறிப் போச்சுன்னு சொல்லு" என்று மகனிடம் சொல்வார். மகன் இல்லாத நேரத்தில் சுவர்க் கடிகாரத்திடம் சொல்வார். அவளும் கடிகாரத்தைப் பார்த்தே, "சுட வெச்சுத் தரேன்னு சொல்லு" என்பாள். கடிகாரத்துக்கு வாய் இருந்தால் எப்போதோ வீட்டை விட்டு ஓடியிருக்கும்.

இனி இந்த வாரத்துக்கு வருவோம்.

காலை ஒன்பது மணி. ராத்திரி பார்த்தவர்களுக்கு விடுதியைப் பகலில் அடையாளம் தெரியாது. நாற்காலிகள் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தன. தங்கமாக மின்னுகிற திரைச்சீலை வெறும் மஞ்சள் துணியாகத் தொங்கியது. முதலாளியம்மா கையை மடித்து விட்டுக்கொண்டு, கழுவி வைத்த கண்ணாடிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவுகிறவன் புது ஆள். அவன் மேல் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

பட்டறையிலிருந்து வண்டி வந்து பியானோவை ஏற்றிக்கொண்டு போனது.

"பார்த்துத் தூக்குங்கப்பா! மாமனாரை ஒருக்களிச்சுப் படுக்க வைக்காதீங்க!" என்று வாசல் வரைக்கும் கத்திக்கொண்டே போனாள்.

"அம்மா, ஒழுங்கா ரிப்பேர் பண்ணித் தரோம். பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்றோம்" என்றார் பட்டறைக்காரர்.

பியானோக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து காலி மேடையைப் பார்த்தார். தாயில்லாப் பிள்ளை மாதிரி முகம் வாடிவிட்டது. "ரெண்டு நாள்தானே?" என்றார்.

"வீட்டுல உங்கப்பா, இங்கே இவரு. எனக்கு ஒரு மாமனாராவது ரெண்டு நாள் கண்ணுல படாம இருக்கட்டும்" என்றாள் அவள்.

அவள் வாய் முகூர்த்தம் அப்படி. அதே நேரத்தில், நாலு தெரு தள்ளி, வாசகசாலையில் தினசரியைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரின் தோளில் ஒரு கை விழுந்தது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரன் தூண். கையுறையின் முதல் அடியாள். பெயருக்கு ஏற்ற உயரம். கிண்ணம் கழுவுகிற புது ஆள், கையுறை அனுப்பிய ஒற்றன். ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டுப் போய் அவன் சொன்ன சேதி இதுதான்: "அண்ணே, அங்கே எல்லாமே மாமனார்தான். மாமனார் இல்லேன்னா ஒரு நாள் கூட ஓடாதாம். அந்தம்மா காலையில வந்ததும் முதல்ல மாமனாரைத்தான் கேக்குது. நம்ம பசங்க அவரு காலை உடைச்சிட்டாங்கன்னு அன்னிக்கு அழுதுடுச்சுண்ணே!"

மடையன் முழுப் பியானோவையும் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதற்குத்தான் அந்தப் பெயர் என்று அவனுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

தூணுக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. "கால் உடைஞ்ச ஆளுன்னாங்க. நல்லா நடக்குறாரே?" என்று காரில் ஏற்றும்போது முணுமுணுத்தான்.

"என் காலுக்கு என்ன கேடு? கதவைச் சாத்து. ஆளைக் கடத்துறவன் கதவை ஒழுங்காச் சாத்த வேண்டாமா?" என்றார் பெரியவர்.

பத்தரை மணிக்கு நீல விளக்கில் டெலிபோன் மணி அடித்தது. முதலாளியம்மா ஈரக்கையோடு எடுத்தாள்.

"ஹலோ, உங்க மாமனார் எங்ககிட்டதான் இருக்காரு" என்றது ஒரு கட்டைக் குரல்.

"வந்து சேர்ந்தாச்சா? நல்லது. வழியில எங்கேயும் இடிச்சுக்கலையே?"

தூண் இதை எதிர்பார்க்கவில்லை. அழுகையை எதிர்பார்த்தான். "கார்க் கதவுல லேசா இடிச்சுக்கிட்டாரு" என்றான்.

"மேலாகத்தானே? மெழுகு போட்டுத் தேய்ங்க, போயிடும். முதல்ல அந்தக் காலைக் கவனிங்க. ஒட்டுப் போடுற வேலையெல்லாம் வேண்டாம். அறுத்து எடுத்துட்டுப் புதுக் கட்டை வெச்சிடுங்க."

தூண் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். "அண்ணே, காலை அறுக்கச் சொல்லுதுண்ணே."

"யாரு?" என்றான் கையுறை.

"மருமக."

கையுறை எத்தனையோ பேரை மிரட்டியவன். அவனே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிரே, கையைப் பின்னால் கட்டிப் போட்டிருந்த பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டார். தூண் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைத் தூக்கிப் பிடித்தான்.

"அப்புறம் பல்லு" என்றது ரிசீவர். "மேல நாலு பல்லு எதுக்கும் பிரயோஜனமில்லை. பிடுங்கிடுங்க. வயித்தைத் திறந்து பார்த்தீங்களா?"

"ஐயையோ! இல்லீங்க!"

"திறந்து பாருங்க. போன தடவை திறந்தப்போ உள்ளே ஒரு ஸ்பூன் கிடந்துச்சு."

"அம்மா, அவரு ரொம்ப சத்தம் போடுறாரு" என்றான் தூண், பாதி கெஞ்சலாக.

"தட்டினா சத்தம் போடத்தான் செய்வாரு. நல்லாத் தட்டுங்க. எங்கே தட்டினா என்ன சத்தம் வருதுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க."

"எப்போ வந்து கூட்டிட்டுப் போவீங்க?"

"என்ன அவசரம்? ஒரு வாரம் பத்து நாள் நீங்களே வெச்சுக்கோங்க. அவர் இல்லாம இங்கே எவ்வளவு இடம் காலியா இருக்கு தெரியுமா!"

தூண் தன் சொந்த மாமியாரைப் பற்றி நினைத்திருக்க வேண்டும், முகம் அப்படி இருந்தது. பெரியவர் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். கையுறை தலையாட்டினான். பெரியவர் ரிசீவரை வாங்கினார்.

"நான் உனக்கு அப்படி என்னம்மா கெடுதல் பண்ணினேன்?"

முதலாளியம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷமாகக் கடிகாரத்திடம் பேசுகிற குரல். அந்தக் குரல் முதல் தடவையாக அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது.

"மாமா! நீங்களா? எங்கே இருக்கீங்க?"

"கண்ணாடி மாளிகையில. கட்டிப் போட்டிருக்காங்க. பல்லைப் பிடுங்க உன்கிட்ட உத்தரவு கேட்டாங்க, நீயும் கொடுத்துட்டே."

"ஐயோ மாமா, அது உங்களைச் சொல்லலை! பியானோவைச் சொன்னேன். எங்க பியானோவுக்குப் பேரு மாமனார்."

பெரியவர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"யார் வெச்ச பேரு?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். "நான்தான்."

"ஏன்?"

"அது வந்து, பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு, யார் சொன்னாலும் நகராம..."

"ம். சொல்லு."

"தொட்டா உறுமிக்கிட்டு."

தூண் மூச்சு விடுவது கூட இங்கே கேட்டது.

"வாசிச்சா நல்லா இருக்குமா?" என்றார் பெரியவர்.

"அது மாதிரி இந்த ஊர்லயே கிடையாது, மாமா" என்றாள் அவள். "உங்க பிள்ளை வாசிச்சு நீங்க கேட்டதே இல்லையே."

அவர் பதில் சொல்லும் முன் கையுறை ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டான். "குடும்ப விஷயமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மேடம். பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் முத்திரையோட இங்கேயே வர்றாரு. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் பத்திரத்தை எடுத்துக்கிட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டு, பெரியவரைக் கூட்டிட்டுப் போங்க. வரலேன்னா, நீங்க சொன்னீங்களே, காலு, பல்லு, வயிறு. அதே வரிசையில ஆரம்பிச்சிடுறோம்."

சேதியைக் கேட்ட பியானோக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேஜைக் காலுக்குக் கீழே இருந்த பத்திரத்தை இழுத்தெடுத்து, மடிப்பை நீவி, முதல் பெருக்கல் குறி மேல் தன் பெயரை எழுதிவிட்டார்.

"என்ன இருந்தாலும் அப்பா. எனக்கு வேற வழி தெரியலை. நீ என்னைத் திட்டு" என்றார்.

"நான் எதுக்குத் திட்டப் போறேன்?" அவள் ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள். "பதினேழு வயசுல கோட்டு வாங்கி மாட்டுற வேலைக்கு இந்த வாசலுக்குள்ள வந்தேன். இந்தத் தரையில எந்தப் பலகை கிரீச்சுன்னு கத்தும்னு எனக்குத் தெரியும். இருபது பேரு என்னை நம்பி இருக்காங்க. இதைக் கொடுத்துட்டு வந்தேன்னா நான் நடைப்பிணம். ஆனா அந்த மனுஷனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் மனுஷியே இல்லை. கையெழுத்துப் போடுறேங்க. இங்கே உட்கார்ந்து அழுதுக்கிட்டுப் போட மாட்டேன். அவன் முன்னாடி நின்னு, அவன் முகத்தைப் பார்த்துப் போடுறேன்."

எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, சனிக்கிழமை ராத்திரிகளில் மட்டும் உடுத்துகிற சிவப்புப் பட்டு உடையில் இருந்தாள். கால்வரை தொங்குகிற உடை. காதில் கல் பதித்த தொங்கட்டான்.

"பட்டப்பகல்லயா?" என்றார் கணவர்.

"தோத்துப் போறவ மாதிரி உடுத்திக்கிட்டு நான் அந்த வாசல் ஏற மாட்டேன்."

சமையல்காரர் கரண்டியோடு கிளம்பினார், அவரைத் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. "ஒருத்தரும் பின்னாடி வராதீங்க. சாயங்கால வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் தெருவின் நடுவில் நடந்தாள். பின்னால் பியானோக்காரர். துணிக்கடைக்காரர் துணியை அளப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது, கண்ணாடி மாளிகையின் நடுக்கூடத்தில் பெரியவர் சுகமாக உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பேனாவும் சிவப்பு மையும் கொடுத்துத் தொலைத்திருந்தார்கள். கையுறையிடமிருந்த பத்திர நகலை முன்னால் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தூண் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இது பத்திரமா? சலவைக்குப் போடுற துணிக் கணக்கு இதைவிட ஒழுங்கா இருக்கும்" என்று கையுறையைப் பார்த்துச் சொன்னார். "இடத்தோட நாலு எல்லை எழுதத் தெரியலை. நாலாம் பக்கத்துல அடிச்சுத் திருத்தியிருக்கான், பக்கத்துல ஒப்பம் இல்லை. யாருய்யா எழுதினது?"

"நான்தாங்க" என்றான் தூண் மெதுவாக.

அப்போதுதான் பதிவாளர் உள்ளே வந்தார். வழுக்கைத் தலை, கக்கத்தில் பதிவேடு, கையில் முத்திரைப் பெட்டி. கையுறைக்குப் பயந்து வந்தவர் என்பது நடையிலேயே தெரிந்தது. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் அந்த நடையும் நின்றுவிட்டது.

"ஐயா!"

"வாப்பா. இன்னும் பேனாவைக் காதுல சொருகுற பழக்கம் போகலையா?"

பதிவாளர் சட்டென்று காதிலிருந்து பேனாவை எடுத்தார். பெரியவருக்குக் கீழே பதினோரு வருஷம் எழுத்தராக இருந்தவர் அவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையுறை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கடத்தியதே கடத்தினான், ஊரில் எத்தனையோ ஆள் இருக்க, பதிவாளருக்கே பழைய மேலதிகாரியைக் கொண்டு வந்து வைத்திருக்கிறான்!

"பழைய கதை போதும். மேடம், பத்திரத்தை எடுங்க. கையெழுத்தைப் போடுங்க" என்றான்.

முதலாளியம்மா, கணவர் ஏற்கெனவே பெயர் எழுதியிருந்த பத்திரத்தை மேஜையில் வைத்தாள். பேனாவை எடுத்தாள். சொன்னபடியே கையுறையின் முகத்தைப் பார்த்தாள். முகம் சரியாகத்தான் இருந்தது, கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பேனா முனை காகிதத்தின் மேல் நடுங்கியது.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பேனாவை வைம்மா."

"மாமா, தயவுசெஞ்சு பேசாம இருங்க. போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

"வைன்னு சொன்னேன்." பதிவாளர் பக்கம் திரும்பினார். "நீ கேள்வி கேட்டியா?"

"எந்தக் கேள்விங்க ஐயா?"

"கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி கேக்கணுமே. அது."

பதிவாளர் முத்திரைப் பெட்டியை மேஜையில் வைத்தார். "மனசார எழுதிக் கொடுக்கிறீங்களான்னு கேக்கிறதா? அதெல்லாம் யாருங்க ஐயா இப்போ கேக்கிறாங்க? கேட்டதா நாமளே எழுதிக்கிறதுதானே."

"ஆமா. நானும் கேட்டதில்லை." பெரியவரின் குரல் இறங்கியது. "முப்பத்தி நாலு வருஷம். கையெழுத்து சரியா இருக்கான்னு பார்த்தேன். கை நடுங்குதான்னு பார்த்ததில்லை. அண்ணன் பக்கத்துல நின்னு மிரட்டிக் கூட்டிட்டு வந்த தங்கச்சி, கண்ணு தெரியாத கிழவன், ராத்திரியெல்லாம் அழுதுட்டு வந்தவங்க, எத்தனை பேரு! குனிஞ்ச தலை நிமிராம முத்திரையைக் குத்தி அனுப்பினேன். காகிதம் சரியா இருந்துச்சு, எனக்கு அது போதும்னு இருந்துட்டேன். நடன விடுதி நடத்துறவ மானம் கெட்டவன்னு இவளை ஆறு வருஷம் ஒதுக்கி வெச்சேனே, நான் எந்த ஊர் யோக்கியன்?"

பியானோக்காரர் "அப்பா..." என்றார்.

"அந்தக் கேள்வியைக் கேளு" என்றார் பெரியவர்.

தூணின் கை இடுப்புக்குப் போனது. கையுறை வேண்டாம் என்று விரலை ஆட்டினான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "கேளுங்க சார். நல்லாக் கேளுங்க. மேடம் ஆமான்னுதான் சொல்லுவாங்க. சொல்லலேன்னா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்."

பதிவாளர் பதிவேட்டைப் பிரித்தார். "இந்தப் பத்திரத்தை யாருடைய கட்டாயமும் இல்லாம, மனசார எழுதிக் கொடுக்கிறீங்களா?"

முதலாளியம்மா பெரியவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்க்காதே. எனக்கு வயசாச்சு, பல்லெல்லாம் எப்படியும் விழப் போறதுதான்" என்றார். "எனக்காக நீ ஆமான்னு சொன்னா, நான் பார்த்த கடைசிப் பத்திரமும் பொய்ப் பத்திரம் ஆயிடும். அந்தப் பாவத்தை என் தலையில கட்டாதே, தாயே."

கூடத்தில் அத்தனை கண்ணாடிகள். அத்தனையிலும் சிவப்பு உடையில் ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதரை இப்போதுதான் சம்பாதித்திருக்கிறாள், இப்போதே பறிகொடுப்பதா? ஆனால் அவர் கேட்பது உயிரை அல்ல, ஒரு நிஜமான பதிலை. அதைக் கொடுக்க அவள் ஒருத்தியால்தான் முடியும்.

பேனாவை மேஜை மேல் வைத்தாள்.

"இல்லை" என்றாள். "மனசார எழுதிக் கொடுக்கலை. என் மாமனாரைக் கடத்திட்டு வந்து, மிரட்டி எழுதச் சொல்றாங்க. அதையும் சேர்த்து எழுதிக்கோங்க."

பதிவாளர் கையுறையைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். கடைசியில் தன் பழைய மேலதிகாரியைப் பார்த்தார்.

"எழுதுய்யா" என்றார் பெரியவர்.

பேனா விறுவிறுவென்று ஓடியது. பதிவாளர் நிமிர்ந்து, கொஞ்சம் தைரியம் வந்தவராக, பியானோக்காரரைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

அந்த மனிதர் இந்தக் கதையில் இதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. மனைவியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நானும் இல்லீங்க. பயத்துல போட்டுட்டேன். என் பேரை அடிச்சிடுங்க."

"அடிச்ச இடத்துல மறக்காம ஒப்பம் போடு" என்றார் பெரியவர்.

அவர் போட்டார். பதிவாளர் முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, பதிவேட்டில் ஓங்கிக் குத்தினார். மேஜை அதிர்ந்தது.

கையுறையின் சிரிப்பு போய்விட்டது. அவன் கத்தவில்லை. மெதுவாக நடந்து போய்ப் பெரிய கதவை இழுத்துச் சாத்தினான், பூட்டினான், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"எழுதினீங்க இல்லே? அந்தப் புஸ்தகம் இந்தக் கதவைத் தாண்டினாத்தானே?" என்றான். "பதிவாளரும் போக முடியாது, நீங்க மூணு பேரும் போக முடியாது. கிழவருக்கு உயிர் மேல ஆசை விட்டுப் போச்சு, சரி. உனக்குமா?"

"எனக்கு நிறைய ஆசை இருக்கு. அதனாலதான் இல்லைன்னு சொன்னேன்."

முதலாளியம்மா பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். பட்டு உடையின் விளிம்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்தாள்.

"ஏழு மணிக்குள்ள பூட்டைத் திறந்துடு" என்றாள். "எனக்குக் கடை திறக்கணும்."

(தொடரும்)